கடிக்கிற கித்தார்

திருத்தணி
29-11-1948

பிரியமுள்ள தம்பி சுந்தர்சிங்குக்கு, அக்கா மார்கரெட் தோத்திரம் சொல்லி எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் நைனாவும் இருக்கிறோம். 'சுகமாக' என்று எழுதப் போய்ப் பேனாவை எடுத்துவிட்டேன். பட்டணம் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லை. அந்தக் கை எப்படி இருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் எப்படிச் சுகமாக இருப்பது? இடது உள்ளங்கையில் வெந்த இடம் ஆறிவிட்டதா? நான் கட்டிக்கொடுத்த களிம்பைப் போடுகிறாயா, இல்லை, ஊரார் கண்ணில் படக்கூடாது என்று பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாயா?

நீ ரயில் ஏறிய நாளிலிருந்து இங்கே மழை விடவில்லை. நைனாவுக்கு இழுப்பு அதிகம். ஆனாலும் பெற்ற மனசு, வாய் மட்டும் குறையவில்லை. "அந்தப் பையன் சாப்பிடாம போயிட்டான், நீ ஏன் விட்ட?" என்று என்னைத்தான் பிடிக்கிறார். உனக்கென்று பொதட்டூர்பேட்டையில் வாங்கி வைத்த லுங்கிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைக்கூட எடுக்காமல் விடியற்காலையில் கிளம்பிப் போகிற அளவுக்கு என்னடா ரோஷம்?

நிற்க. அந்தக் கித்தாரைப் பற்றி எழுத வேண்டும்.

அறுப்பின் பண்டிகைக்கு நீ அதைக் கொண்டுவந்தபோது ஊரே வந்து பரீட்சை பண்ணியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நைனா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வண்டி ஏர்க்காலைப் பார்ப்பதுபோல அதன் கழுத்தைப் பார்த்தார். கோணல் இல்லை என்றார். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற சேஷகிரி, அதுதான் காலில் ஆறாத புண்ணுக்கு என்னிடம் கட்டுப் போட்டுக்கொள்ள வருவாரே, அவர் மேலே கீழே தட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா அப்பா இது, வயிறே இல்லாத வீணையா இருக்கு? இது எப்படிப் பாடும்?" என்று கேட்டார். அதற்கு நீ, வயிறு கூட வந்த அந்த ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இருக்கிறது, கரெண்ட் கொடுத்தால் பாடும் என்று பெருமையாகச் சொன்னாய்.

நானும் பார்த்தேன். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அப்போது வாயைத் திறக்கவில்லை. இத்தனை விலை கொடுத்த சாமானில் மூன்றாவது முறுக்காணி நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. பின்பக்கம் வார்னிஷ் கொப்பளித்திருந்தது. பாலிஷுக்கு அடியில் ஒட்டுப் போட்ட கோடு ஒன்று மயிரிழை மாதிரி தெரிந்தது. இவையெல்லாம் போகட்டும். முந்தின நாள் சர்ச்சில் ஒத்திகைக்கு அதை மாட்டினாயே, அப்போது பெட்டியிலிருந்து ஓர் உறுமல் வந்தது. நீ கம்பியைத் தொட்டால் அடங்கியது, கையை எடுத்தால் மறுபடியும் உறுமியது. கட்டிப்போட்ட நாய் உன் கைக்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. எல்லாம் அப்படித்தான் இருக்கும் அக்கா என்றாய்.

மறுநாள் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உனக்குப் பாதிதான் தெரியும். நீ முதல் பாட்டை எடுத்து இரண்டு அடி போகவில்லை. உன் வாய் கோணியது. கம்பிமேல் வைத்து இழுக்கிற அந்த இரும்புத் துண்டை உன் கை விடமாட்டேன் என்றது. நீ விடவில்லையா, அது விடவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆவி வந்து ஆடுகிறான் என்று நினைத்துப் பின்வரிசையில் இரண்டு பேர் தோத்திரம் சொன்னார்கள். நாற்காலியோடு நீ சாய்ந்தபோது கரெண்ட் கம்பி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அதனால் பிழைத்தாய். நான் ஓடிவந்து உன் காலடியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கால்களையும் மடியில் வைத்துத் தேய்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தன. அந்தக் குளிர் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

ஜெபரத்தினம் மூப்பர் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேசிய பேச்சை நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. "பட்டணத்துல ஓட்டல்ல ஆணும் பொண்ணும் கட்டிகினு ஆடற எடத்துல வாசிச்ச பெட்டி, ஆலயத்துல வாயத் தொறந்தா கர்த்தர் சும்மா வுடுவாரா?" என்று கேட்டாரே, அதற்கு நீ தலையைக் குனிந்தாயே, அதைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன். மூப்பர் எதற்கும் ஒரு பாவத்தைத் தேடிப் பிடிப்பார். போன வருஷம் அவர் வீட்டுக் கிணறு வற்றியதற்குக்கூட மருமகள்தான் காரணம் என்றவர் அவர்.

ஆகையால் முதல் வேலையாகக் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வாங்கின கடைக்குப் போ. நடந்ததைக் கூச்சப்படாமல் சொல்லு. உள்ளே பிரித்துப் பார்க்கச் சொல்லு. குறை இல்லாத சாமான் மனுஷனைப் பிடித்துக் கடிக்குமா? அவர்கள் பார்த்துச் சொல்கிறவரைக்கும் அதன்மேல் ஒரு விரலும் வைக்காதே. நான் கெஞ்சவில்லை, உத்தரவு போடுகிறேன்.

உன் கார்டுக்காகத் தபால்காரனைத் தினமும் நச்சரிக்கும்
அக்கா மார்கரெட்


திருத்தணி
18-12-1948

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் பக்கத்தை மட்டும். இரண்டாம் பக்கத்தை அடுப்படியில் நின்று நான் தனியாகப் படித்தேன். படித்து முடித்தபோது பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.

கடைக்குப் போனாய், சரி. கடைக்காரர் உன் எதிரிலேயே மாட்டி, கம்பியை மீட்டி, இரும்புத் துண்டை வைத்து இழுத்து, பெட்டியை உள்ளங்கையால் தடவிக்கூடக் காட்டினார் என்கிறாய். புத்தம் புது சாமான், ஒரு குறையும் கிடையாது, உங்கள் ஊர் சர்ச் வயரிங்கைப் போய்ப் பாருங்கள் என்று சிரித்தாராம். நீயும் அங்கேயே வாசித்துப் பார்த்தாய். ஒன்றும் ஆகவில்லை. உன் மாடி அறையில் வாசித்தாய். ஒன்றும் ஆகவில்லை. ஓட்டலில் எத்தனையோ நாள் வாசித்தாய். ஒரு எறும்புக் கடி கூட இல்லை. நம் சர்ச்சில் நான் விசாரித்துவிட்டேன். அதே சுவரில் மாட்டிய விளக்கு ஒழுங்காக எரிகிறது, பொருட்காட்சி போட வந்தவர்கள் அதிலேயே ஒலிபெருக்கி மாட்டினார்கள், அதுவும் ஒழுங்காகக் கத்தியது.

அதற்கு நீ போட்டிருக்கிற கணக்குத்தான் என்னைக் கொல்கிறது. கித்தாரில் குறை இல்லை, சுவரில் குறை இல்லை, ஆகவே குறை என்னிடம்தான், மூப்பர் சொன்னது நிஜம் என்று எழுதியிருக்கிறாய். ஓட்டலை விட்டுவிட்டாயாம். கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனையில் உன் பட்டணத்துச் சர்ச்சில் வாசிக்கக் கேட்டு வாங்கியிருக்கிறாயாம். உபவாசம் இருந்து, தலை முழுகி, வெள்ளை வேட்டி கட்டி, பயபக்தியாக வெறுங்காலோடு போய் உட்காரப் போகிறாயாம். அது கடிக்காவிட்டால் கர்த்தர் என்னை மன்னித்தார் என்று அர்த்தம், கடித்தால் அவர் சித்தம் என்று முடித்திருக்கிறாய்.

அடேய், உனக்கு என்ன பைத்தியமா? கர்த்தருக்கு உன்னிடம் பேச வேண்டுமானால் கம்பி வழியாகத்தான் பேசுவாரா? சுந்தர்சிங், நீ செய்த பாவம்தான் என்ன? வேலை முடிந்து நாலு பேருக்கு நடுவில் ஒரு பாட்டு வாசித்தாய். அந்தப் பணத்தில்தான் நைனாவுக்கு மருந்து வந்தது. அப்படியானால் அந்த மருந்தைக் குடித்த நைனாவையும், ஊற்றிக் கொடுத்த என்னையும் அல்லவா முதலில் கடித்திருக்க வேண்டும்?

எனக்குப் பயமாக இருக்கிறது. மறைக்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றாமலே ஒரு குழந்தைக்கு ஊசி போடப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சாப்பிட்டீர்களா சிஸ்டர் என்று கேட்டார்கள். தெருவில் தந்திக்கார சைக்கிள் மணி கேட்டாலே உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். நானே கிளம்பி வந்து உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரலாம் என்றால் நைனா படுக்கையில் இருக்கிறார். டாக்டரம்மாவும் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறார்கள், ஆஸ்பத்திரியை நான்தான் பார்க்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குப் பாடு. கை தட்டு. மணி அடி. அந்தக் கித்தாரை மட்டும் தொடாதே. ஏன் என்று கேட்டால் என்னிடம் காரணம் இல்லை. கடைக்காரர் சொன்னதற்கும் மூப்பர் சொன்னதற்கும் எதிராக வைக்க என்னிடம் இந்தப் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதற்காவது மரியாதை கொடு.

தூக்கம் கெட்ட
அக்கா மார்கரெட்


திருத்தணி
22-12-1948

சுந்தர்சிங், இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரைக்கும் படி. இந்தத் தடவை என்னிடம் காரணம் இருக்கிறது.

இதைக் கொண்டுவருகிறவர் சேஷகிரி. அவருடைய மகள் ஜம்பகத்துக்குப் பட்டணத்தில் பிரசவம், பார்க்க வருகிறார். பண்டிகை நெருக்கடியில் தபாலை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போனேன். தந்தியைப் பார்த்ததும் நைனா போய்விட்டார் என்று நீ நினைப்பாய், தவிர இதையெல்லாம் தந்தியில் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டேன். அவர் கடிதத்தோடு ஒரு பொட்டலமும் தருவார். கடிதத்தை முடிக்காமல் அதைப் பிரிக்காதே.

நேற்றுக் காலை நடந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு இந்த மாதம்தான் கரெண்ட் வந்தது. ஊசியும் கத்தியும் வேகவைக்க ஒரு புது கரெண்ட் தொட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். பளபளவென்று வெள்ளி மாதிரி இருக்கிறது. பெருக்கி மெழுகுகிற ஆயா பூவம்மாள் தரையைக் கழுவிவிட்டு அந்தத் தொட்டியைத் துடைக்கப் போனவள், வீல் என்று கத்திக்கொண்டு துணியைத் தூக்கி எறிந்தாள். "அம்மா, இது கடிக்குதுங்க! நெசமாத்தாங்க, கைய புட்ச்சி இஸ்துதுங்க!" என்று அழுதாள். டாக்டரம்மா வந்து தொட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார்கள். ஒன்றும் இல்லை. நான் வைத்தேன். ஒன்றும் இல்லை. வேலைக்குச் சோம்பல்பட்டுப் பொய் சொல்கிறாள் என்று டாக்டரம்மா கோபமாகப் போய்விட்டார்கள்.

பூவம்மாள் என் முகத்தைப் பார்த்து, "என்ன மட்டும் ஏன்ங்க கடிக்குது? நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நீ எழுதின அதே வார்த்தை. நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தை இல்லை, காலை. வெறுங்கால். ஈரத் தரை. என் காலில் சப்பாத்து. டாக்டரம்மா காலில் சப்பாத்து.

கதவைச் சாத்திக்கொண்டு சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். பூவம்மாள் வேண்டாம்மா, வேண்டாம்மா என்று என் சேலையைப் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் நின்று, உன் கை மாட்டிக்கொண்டது ஞாபகம் வந்ததால் உள்ளங்கையை வைக்காமல், புறங்கையை மட்டும் லேசாகக் கொண்டுபோனேன். பளீர் என்று தோள்பட்டை வரைக்கும் அடித்தது. கையைத் தானாகவே உதறிவிட்டேன். மறுபடியும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு தொட்டேன். குளிர்ந்த தகரம், அவ்வளவுதான்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். வலியால் இல்லை. பூவம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, தண்ணீர் கொடுத்தாள்.

இப்போது நீயே எண்ணிப் பார். கடைக்காரர் துரை மாதிரி பூட்ஸ் போட்டு, கம்பளம் விரித்த தரையில் நின்று உன் கித்தாரைத் தொட்டார். நீயும் அங்கே பூட்ஸோடுதான் இருந்தாய். ஓட்டலில் பூட்ஸ், காலுக்கடியில் பலகை மேடை. உன் மாடி அறையும் பலகைத் தளம். நம் சர்ச்சில் மட்டும்தான் நீ வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, பண்டிகைக்காக அப்போதுதான் கழுவிவிட்ட கல் தரையில் வெறுங்காலை ஊன்றி உட்கார்ந்தாய். கித்தாருக்கு ஓட்டலும் தெரியாது, ஆலயமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காலில் ஏதாவது இருக்கிறதா, இல்லையா என்பதுதான். குறை அதனுடையது. அந்தப் பெட்டிக்குள் ஏதோ ஒரு கம்பி தொடக்கூடாத இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. செருப்போடு சாமான் பார்க்கிறவன் கண்ணுக்கு அது கடைசி வரைக்கும் அகப்படாது. உன்னிடம் ஒரு குறையும் இல்லையடா. கேட்கிறதா? உன்னிடம் இல்லை.

இனிமேல்தான் என் பயம் இரட்டிப்பு. நீ பயபக்தி என்று எதையெல்லாம் எழுதினாயோ அதெல்லாம் உன்னைக் கொல்கிற ஏற்பாடு. தலை முழுகி ஈரம் காயாமல் போவாய். பண்டிகைக்கு அங்கேயும் தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள். உபவாசத்தில் உடம்பில் தெம்பு இருக்காது. வெறுங்கால். இந்தத் தடவை கம்பி சுவரிலிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் போனால்? உன் காலைத் தேய்க்க அங்கே யார் இருக்கிறார்கள்?

மூப்பரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு வரி எழுதினால் நீ கேட்பாய் என்று நினைத்தேன். "செருப்பு போட்டுகினு பீடத்தண்ட ஒக்காரச் சொல்றியா? நல்லா இருக்குது உன் ஞாயம்" என்றார். சரி ஐயா, நீங்கள் பரிசுத்தவான், வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் தொட்டியை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள் என்றேன். அவருக்கு உடனே பள்ளிப்பட்டில் அவசர வேலை வந்துவிட்டது.

பொட்டலத்தில் இருப்பது செருப்பு. சந்தை முனையில் செருப்புத் தைக்கிற கோதண்டத்திடம் லாரி டயரை அறுத்துச் செய்யச் சொன்னேன். கனமான ரப்பர். ஆணி மட்டும் கூடாது, இரும்பு வழியாகக் கரெண்ட் ஏறிவிடும், வாரால் தை என்றேன். "ஆணி அடிக்காத செருப்பு மூணு நாள் தாங்காதுங்க" என்றான். ஒரு ஆராதனை தாங்கினால் போதும் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். தைத்துக் கொடுத்ததும் உள்ளும் புறமும் விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, வளைத்து, ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். உன் கித்தாரைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். அளவு கேட்டான். எனக்கு உன் கால் அளவு எண்ணில் தெரியாது. என் கையை விரித்து, பெருவிரலுக்கு இந்தப் பக்கம் இவ்வளவு என்று காட்டினேன். அன்றைக்கு மடியில் வைத்துத் தேய்த்தேனே, அந்த அளவு. சரியாகத்தான் இருக்கும்.

மடப்பள்ளியில் நைவேத்தியம் பண்ணுகிற மனுஷரிடம் செருப்புப் பொட்டலத்தை எப்படிக் கொடுப்பது என்று எனக்கு வாய் வரவில்லை. உள்ளே இருப்பது இன்னது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "உசிர் காரியத்துல ஆசாரம் என்னடியம்மா, குடு. போய் ஸ்நானம் பண்ணிண்டா ஆச்சு" என்று வாங்கிக் குடைக்காம்பில் மாட்டிக்கொண்டார். மலையேறும்போது காலில் ஒரு துரும்பும் போடாதவர், அந்தப் புண்ணோடு அதைச் சுமந்து வருகிறார். அவரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசாதே, உட்காரச் சொல்லு.

கித்தாரைத் தொடாதே என்றுதான் இப்போதும் சொல்வேன். நீ கேட்க மாட்டாய் என்றும் தெரியும். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பாய். சரி, வாசி. இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசி. உன் பட்டுச் சட்டைக்கும் வாரிவிட்ட கிராப்புக்கும் கீழே இந்த மாட்டு வண்டிக்காரன் செருப்பைப் பார்த்து ஜனங்கள் சிரிக்கட்டும், போதகர் ஐயா முகம் சுளிக்கட்டும். அக்கா சொன்னாள் என்று சொல்லு, பழியை என்மேல் போடு. உன்னை மன்னிக்க வேண்டியவர் உன் காலையா பார்த்துக்கொண்டிருக்கிறார்?

கடிதம் எழுத நீ சோம்பேறி. எழுத வேண்டாம். சேஷகிரி பண்டிகைக்கு மறுநாள் திரும்புகிறார். ஆராதனை முடிந்ததும் செருப்பைத் துடைக்காமல் அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்தனுப்பு. உன் பாதம் பதிந்து அழுக்கேறி வந்தால் போதும். அதைப் பார்த்த பிறகுதான் நான் கிறிஸ்துமஸ் சாப்பாடு சாப்பிடுவேன். நைனாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இப்போதுகூட உள்ளிருந்து, "யாருக்குடி எழுதற?" என்கிறார். உனக்குத்தான், லுங்கி அனுப்புவதைப் பற்றி என்றேன்.

உன் இரண்டு பாதங்களையும் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்து, ரயிலடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா மார்கரெட்